லயத்துக் கப்பல்

இதை எழுதாமலே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். எழுதுவது எனக்கு வராத வேலை. ஓ.எல். பரீட்சையில் தமிழ் மட்டும்தான் பாஸ், அதுவும் கட்டுரைக் கேள்விக்குப் பொய் பொய்யாக எழுதி வாங்கிய பாஸ். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் வேலை செய்யும் இடத்தில் 'பெயின்ட் ஈரம்' என்று ஒரு கதவிலும், பக்கத்து லயத்துக்காரன் கோழிக்கூட்டில் அவன் பெயரும்தான். கோழிக்கூடு எழுதியதற்கு அடி விழுந்தது. அதோடு எழுத்தை விட்டுவிட்டேன்.

மறுபடி எழுத வைத்தது எங்கள் வீட்டு டீவி ஸ்டாண்டின் மேல்தட்டில் இருக்கிறது. ஷொப்பிங் பையால் மூடிய ஒரு மரக் கப்பல். இரண்டு பாய்மரம். முழங்கை நீளம் இருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் தேநீர் குடித்து முடிப்பதற்குள் "இது என்னாப்பா?" என்று கேட்டுவிடுவார்கள். இன்சூரன்ஸ்காரரிடம், "எங்க பூட்டன் இந்தியாவுலேர்ந்து வந்த கப்பல். அப்ப பெருசா இருந்துச்சு, இங்க மழையில நனைஞ்சு சுருங்கிருச்சு" என்றேன். சித்தியிடம், கோயிலுக்கு நேர்ந்துகொண்டது, திருவிழாவுக்குக் குளத்தில் விடுவோம் என்றேன். சித்தி அதைத் தொட்டுக் கும்பிட்டார். இப்போது புதிதாகச் சொல்லப் பொய் எதுவும் மிச்சம் இல்லை. அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

எனக்கு நுவரெலியாவில் ஒரு சின்ன கெஸ்ட் ஹவுஸில் வேலை. அறை கூட்டுவது, சுடுதண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பது, வந்தவர்கள் ஜன்னலைப் பார்த்து முகத்தைத் தொங்கப்போட்டால் நாளைக்கு மழை விட்டுவிடும் என்று சொல்வது, எல்லாம் நான்தான். ஆடி மாதம் ஒரு வயதான வெள்ளைக்காரர் வந்து தங்கினார். மழையும் அவரோடு தங்கிவிட்டது. அவர் போன பிறகு கட்டிலுக்கடியில் ஒரு நீளப் பெட்டி கிடந்தது. முதலாளி திறந்து பார்த்தார், மூடினார். "ஓனே நங் அரகென பலயங்" என்றார். வேணும்னா எடுத்துக்கிட்டுப் போ என்று அர்த்தம்.

பெட்டியின் மேல் நீலக் கடலில் வெள்ளைப் பாய் விரித்து ஒரு கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே கப்பல் இல்லை. கட்டுக் கட்டாக மெல்லிய மரப் பட்டிகள், அச்சு வெட்டிய பலகைகள், எறும்பு சைஸில் பித்தளை ஆணிகள், இரண்டு நிறத்தில் நூல் உருண்டைகள், துளை போட்ட குட்டி மர மணிகள், கொஞ்சம் துணி. யாரோ ஓடுகிற கப்பலை அடித்து உடைத்து அள்ளிப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கட்டில் விரிப்பு அகலத்துக்கு ஒரு தாளில், எதை எதோடு ஒட்டிக் கப்பலாக்க வேண்டும் என்று படம் இருந்தது. பக்கத்தில் எழுதியிருந்தது இங்கிலீஷ் இல்லை. இங்கிலீஷாக இருந்திருந்தாலும் எனக்கு ஒன்றுதான்.

அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் தோட்டத்துப் பக்கம் போகிற உடப்புசல்லாவை பஸ்ஸில் வரும்போதே அது யாருக்கு என்று முடிவு செய்துவிட்டேன்.

எங்கள் பக்கத்துக் காம்பிராவில் என் சிநேகிதன் இருந்தான். தோட்டத்தில் ஒரே கூரையில் வரிசையாகக் கட்டிய வீடுகள்தான் லயம், அதில் ஒரு வீட்டைக் காம்பிரா என்போம். ஒரு காம்பிராவுக்கும் அடுத்ததற்கும் நடுவிலுள்ள சுவர் கூரைவரைக்கும் போகாது. அங்கே தும்மினால் நாங்கள் இங்கே "ஆயிசு நூறு" சொல்வோம். அப்படிப்பட்ட சுவருக்கு அந்தப் பக்கத்தில் சித்திரைக்குப் பிறகு சத்தமே இல்லை. அவன் தேயிலைத் தொழிற்சாலையில் டிரையரில் வேலை செய்தவன். இலையைக் காயவைக்கும் மெசின் அது. சித்திரையில் ஒரு நாள் வேறொரு ஆள் வரவில்லை என்று, இலையை உள்ளே இழுத்து நறுக்குகிற மெசினில் அவனை வேலைக்குப் போட்டார்கள். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. மோதிர விரல் இருக்கிறது, ஆனால் விறைத்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவன், புண் ஆறிய பிறகும் கையில் துவாய்த் துண்டைச் சுற்றிக்கொண்டு கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

தோட்டத்தில் காம்பிரா என்பது வேலைக்குக் கொடுத்த இடம். வீட்டில் ஒருத்தர் பெயராவது வேலைக்காரர் கணக்கில் இருக்க வேண்டும், எங்கள் வீட்டில் என் அம்மா பெயர். அவன் அப்பா செத்துப் போனார். அம்மா கொழுந்து எடுத்து எடுத்து வயதாகி, போன வருடம் வேலையிலிருந்து நின்றுவிட்டார். மிச்சம் இருந்தது இவன் பெயர் ஒன்றுதான். டிரையரில் அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டான். மலையில் மம்பட்டி பிடித்துப் பார்த்தான். முதல் வெட்டிலேயே வழுக்கிக் கால் பக்கம் வந்தது. தோட்டத்து மேனேஜர், துரை என்போம், கெட்டவர் இல்லை. கூப்பிட்டுச் சொன்னார்.

"தேயில சலிக்கிற எடத்துல குச்சி பொறுக்க ஆள் வேணும். தீபாவளி கழிஞ்சு வா. டீமேக்கர் ஒங் கையப் பாப்பாரு. செய்ய முடிஞ்சா அந்த வேல. முடியலேன்னா நான் என்ன செய்ய, காம்பிராவ வேல செய்யுற குடும்பத்துக்குத்தான் குடுக்கணும்."

டீமேக்கர்தான் தொழிற்சாலைக்குப் பொறுப்பு. குச்சி பொறுக்குவது பெண்கள் செய்கிற வேலை. காய்ந்த தேயிலையைத் தட்டில் பரப்பி, அதில் கிடக்கிற மயிர் மாதிரியான காம்புகளைக் கிள்ளி எடுக்க வேண்டும். கிள்ளுவதற்கு எந்த இரண்டு விரல் வேண்டும் என்று நீங்களே உங்கள் கையில் செய்து பாருங்கள். அதில் ஒன்று அவன் வலது கையில் இல்லை, இடது கையால் மட்டும் பொறுக்கினால் நாள் கணக்கு முடியாது.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு போனேன்.

"மச்சான், ஒனக்குக் கப்பல் வந்திருக்கு."

"போடா."

"டிக்கட் கேக்க மாட்டான். ஏறிக்க."

துவாயை இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொண்டான். அவன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

"அவன சும்மா விடு தம்பி. நேத்தும் சாப்புடல."

"சாப்புடாதவன கப்பல்ல ஏத்த மாட்டாங்க அத்தை. மயக்கம் போட்டு விழுந்துருவான்."

அவர்கள் வீட்டு முன் திண்ணையில், இஸ்தோப்பு என்போம், பாயை விரித்து, வேண்டுமென்றே கதவுக்கு நேராக உட்கார்ந்து நானே ஆரம்பித்தேன். நடுவில் ஒரு நீளப் பலகை, முதுகெலும்பு மாதிரி. அதில் குறுக்கே விலா எலும்பு மாதிரிப் பலகைகளைச் சொருக வேண்டும். கடையில் வாங்கிய ஒட்டுப் பசையைப் பிதுக்கினேன். இரண்டாவது பலகையை வைக்கும்போதே என் கட்டைவிரல் கப்பலோடு ஒட்டிக்கொண்டது. இழுத்தால் தோலும் சேர்ந்து வருகிறது. கப்பலைக் கையில் தொங்கவிட்டபடி உட்கார்ந்திருந்தேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "பத்து வெரல் இருக்கு. ஒண்ணக்கூட ஒழுங்கா வச்சுக்கத் தெரியல."

சித்திரைக்குப் பிறகு அவன் வாயிலிருந்து வந்த முதல் முழுப் பேச்சு அதுதான்.

"அப்ப நீ வந்து பிரிச்சுவிடு, எட்டு" என்றேன்.

அத்தை கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. அந்தக் கணக்கை அதுவரை யாரும் வாய் திறந்து சொன்னதில்லை. அவன் என்னை வெகுநேரம் பார்த்தான். அடிப்பான் என்றுதான் நினைத்தேன். எழுந்து தேங்காய் எண்ணெய்ப் போத்தலை எடுத்துவந்து என் முன்னால் குந்தினான். அன்றிலிருந்து அவன் எட்டு, நான் ஒட்டு.

நான் ஒரே ஒரு சட்டம் போட்டேன். இடது கைக்கு லீவு. அதைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு உட்கார வேண்டும். வலது கையின் கட்டைவிரலையும் விறைத்த மோதிர விரலையும் வைத்துத்தான் எல்லாம். முதலில் மரப் பட்டியைக்கூட அவனால் பிடிக்க முடியவில்லை. ஆணியை எடுத்தால் பாதி வழியில் விழும். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "எட்டு ஆணி எடுத்துட்டாரு, எட்டு ஆணிய விட்டுட்டாரு" என்று கிரிக்கெட் மாதிரி சொல்லிக்கொண்டிருப்பேன். ஒரு நாள் பெட்டியைத் தூக்கி என் மேல் எறிந்தான். ஆணியெல்லாம் இஸ்தோப்பு முழுக்கச் சிதறியது. அவன் முழங்கால் போட்டு, அந்த இரண்டு விரலாலேயே ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். கடைசி ஆணி சிமெந்து வெடிப்பில் கிடந்தது. அதையும் எடுத்தான். எடுத்துவிட்டு அழுதான். அத்தை பார்க்காத மாதிரி உள்ளே போனார்.

பனி இறங்குகிற காலையில், இல்லாத விரல்கள் வலிக்கும் என்பான். துண்டான இடம் நீலம் பாய்ந்து கிடக்கும்.

"இல்லாத வெரலு எப்புடிடா வலிக்கும்?"

"அது மெசினுக்குள்ள இருக்குல்ல. அங்க குளுரும்."

அந்த மாதிரி நேரத்தில் எனக்குக் கிண்டல் வராது. அடுப்பில் துணியைச் சூடாக்கி அவன் கையில் சுற்றிவிடுவேன்.

லயத்தில் பேசினார்கள். வேலைக்குப் போக வேண்டிய பையன் விளையாட்டுச் சாமான் செய்கிறான் என்று. அத்தை அரிசிச் சுளகில் சின்னக் கல்லைக் கலந்து தினமும் அவன் முன்னால் வைப்பார். அவன் கப்பலுக்கு முன் அதைப் பொறுக்குவான். ஒரு நாள் நான் போனபோது சுளகு தயாராக இருந்தது, அத்தை மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, மெய்யாச் சொல்லு. வந்துருமா கை?"

"வரும் அத்தை."

"வரலேன்னா கொட்டகலைக்கு மககிட்டப் போகணும். அங்க மாமியா, மச்சினன், பிள்ளைக, எல்லாம் ஒரே காம்பிராவுல. நான் எங்க படுக்க, சொல்லு."

நான் ஏதோ சொல்லிச் சிரிக்க வைக்கப் பார்த்தேன். அவர் சிரித்தார். எனக்காகச் சிரித்தார் என்று தெரிந்தது.

புரட்டாசி முடியும்போது அவன் கை வந்துவிட்டது. ஆணியை அந்த இரண்டு விரலாலேயே எடுத்துத் துளையில் நிறுத்துவான், சின்னச் சுத்தியலால் தட்டுவதற்கு மட்டும் இடது கைக்கு லீவு ரத்து. விலா எலும்பின் மேல் மரப் பட்டிகளை வரிசையாகச் சுற்றி ஒட்ட வேண்டும். வளைவதற்காகச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டோம். அத்தையின் தேநீர்க் கேத்தலில்தான். வளைத்து, ஒட்டி, துணி காயப்போடுகிற கிளிப்பால் கவ்வி வைத்தோம். லயத்தில் ஒரு வாரம் யார் கொடியிலும் கிளிப் இல்லை. துணியெல்லாம் பறந்து சாக்கடைக் கானுக்குள் கிடந்தது. யார் திருடியது என்று எல்லாருக்கும் தெரியும், என்னைத்தான் திட்டினார்கள்.

ஆனால் காயவில்லை. படத்தில் அந்த இடத்தில் ஒரு சூரியனை வரைந்திருந்தார்கள். ஐப்பசி மாதத்தில் எங்கள் ஊரில் அதற்கு எங்கே போவது? மூடுபனி கதவு வழியாக வந்து கட்டிலில் படுக்கும். மரம் ஊறியது ஊறியபடி இருந்தது. பசை தயிர் மாதிரி நின்றது.

"காய வைக்கிறத எங்கிட்ட விடு" என்றான் அவன்.

அப்படிச் சொன்னபோது அவன் பழைய ஆள் மாதிரி இருந்தான். டிரையரில் இருந்தபோது தேயிலையைக் கையில் அள்ளி, காதுக்குப் பக்கத்தில் வைத்து நசுக்குவான். நொறுங்குகிற சத்தத்தை வைத்தே போதுமா போதாதா என்று சொல்வான். அடுப்புக்கு மேலே ஈர விறகு காயவைக்கும் பரணில் கப்பலை ஏற்றினான். சவுக்கு விறகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, புகையில்லாமல் சூடு மட்டும் போகிற மாதிரி அடுப்பை எரித்தான். இடையிடையே ஏறி முகர்ந்தான், விரலால் சுண்டிக் காதைக் கொடுத்தான்.

"போதும்டா" என்றேன்.

"இன்னும் ஈர மணம் இருக்கு. பச்ச வாசன போகணும்."

மறுநாள் வேலைக்குப் போகுமுன் போய்ப் பார்த்தேன். கப்பல் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. பட்டிகள் சுருங்கி, ஒன்றுக்கொன்று நடுவில் விரல் நுழைகிற இடைவெளி. முன்பக்கத்தில் வளைத்து ஒட்டியவை பிய்த்துக்கொண்டு மேலே நிமிர்ந்திருந்தன. தேயிலை காய்ந்தால் நொறுங்க வேண்டும். மரம் அப்படிக் காயக் கூடாது. தோட்டத்தில் பிறந்த எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவே இல்லை. காய்ந்தது என்றால் நொறுங்கியது என்றுதான் எங்களுக்குத் தெரியும்.

அவன் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"டிரையர் வேலையும் எனக்குத் தெரியாமப் போச்சு" என்றான்.

"பரவால்ல மச்சான். கெழட்டுக் கப்பலு, பல்லு விழுந்துருக்கு."

சிரிக்கவில்லை. அன்று முழுக்க நான் கெஸ்ட் ஹவுஸில் வேலையாக இருந்தாலும் அந்தச் சுவர் மறுபடி ஊமையாகிவிடுமோ என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கினால் அவன் ரோட்டோரத்தில் எனக்காக நின்றுகொண்டிருந்தான். காலையில் இருந்து யோசித்திருக்கிறான். துவாய் இல்லை, கை வெறுமனே இருந்தது.

"தேயிலத் தூசி வேணும்" என்றான். "பசையில கொழச்சு வெடிப்புல அப்பலாம். ஸ்டோருக்குப் பின்னால கொட்டி வச்சிருப்பாங்க."

ஸ்டோர் என்று எங்கள் ஊரில் சொல்வது தொழிற்சாலையைத்தான். விபத்துக்குப் பிறகு அவன் அந்தப் பக்கம் போனதே இல்லை. இரண்டு பேரும் மழைக்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தோம். தொழிற்சாலைக்கு ஏறுகிற வளைவில் ஒரு லொறி சேற்றில் புதைந்து நின்றது. பின்னால் பெரிய பலகைப் பெட்டி, மேலே தாளாலும் பிளாஸ்டிக்காலும் சுற்றியிருந்தது. டிரைவர் சிங்களத்தில் கெஞ்சினார். லயத்துப் பையன்கள் சிலர் ஏற்கெனவே தள்ளிக்கொண்டிருந்தார்கள். நாங்களும் தோளைக் கொடுத்தோம்.

"உள்ள என்னா? தொரைக்குக் குளிக்கத் தொட்டியா?" என்று கேட்டேன்.

"தொட்டின்னா இம்புட்டுக் கனம் இருக்காது. தொர உள்ளயே இருக்காரு போல" என்றான் அவன்.

எல்லாரும் சிரித்ததில் ஒருமுறை லொறி பின்னுக்கு வந்தது. மறுபடி தள்ளினோம். அவன் வலது கையின் மூன்று விரலும் அந்தப் பலகைப் பெட்டியில் பதிந்திருந்ததை நான் பார்த்தேன். லொறி ஏறிப் போனது. டிரைவர் கையை ஆட்டினார்.

கழிவுத் தூசியை ஒரு பை நிறைய அள்ளிவந்து, பசையில் குழைத்து, ஒவ்வொரு வெடிப்பிலும் அப்பினோம். காய்ந்த பிறகு உப்புத்தாளால் தேய்த்தோம். இந்த முறை பரணில் ஏற்றவில்லை, அத்தையின் தலைமாட்டில் சாக்கில் சுற்றி வைத்தோம். மரம் வெளுப்பு, வெடிப்பெல்லாம் கறுப்பு. வரிக்குதிரை மாதிரி ஒரு கப்பல். மழை நாளில் மூக்கைக் கிட்டக் கொண்டுபோனால் இப்போதும் தேயிலை மணக்கும். பாய்மரங்களை நட்டோம். அதற்கப்புறம் கயிறு. ஒவ்வொரு மர மணியின் துளையிலும் நூலைக் கோத்து, இழுத்து, முடிச்சுப் போட வேண்டும். என் பத்து விரலும் அதில் சிக்கிக்கொள்ளும். அவனுடைய இரண்டு விரல் குருவி மூக்கு மாதிரி உள்ளே போய் வெளியே வந்தது. இடது பக்கக் கயிறு முழுவதும் அவன் கட்டியது. தட்டினால் வீணை மாதிரி நிற்கும். வலது பக்கம் வேலை கிடைத்த பிறகு என்று வைத்தோம்.

தீபாவளி கழிந்து போனோம். நானும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். அத்தை அவன் நெற்றியில் திருநீறு பூசி, கையிலும் பூசிவிட்டார்.

டீமேக்கர் எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினார். அவர் இந்தத் தோட்டத்திலேயே தலை நரைத்தவர். "வா தம்பி" என்று உள்ளே கூட்டிப் போனார். சலிக்கிற இடத்தில் பெண்கள் தட்டுகளின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள், ஆனால் யாரும் குனிந்து வேலை செய்யவில்லை. மூலையில் ஒரு புது மெசின் நின்றது. இரண்டு பேர் அதற்கு வயர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் பிரித்துப் போட்ட பலகைப் பெட்டி. எங்கள் சேற்றுக் கைத்தடம் அதில் இன்னும் இருந்தது.

"அது கமரா வச்ச மெசினு" என்றார் டீமேக்கர். "குச்சி எது, தேயில எதுன்னு அதுவே பாத்து ஊதித் தள்ளிரும். இவங்களையே மலைக்கு அனுப்பப் போறாங்க. எனக்கே போன வாரந்தான் சொன்னாங்க தம்பி."

அவன் மெசினைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான். "கையப் பாக்கணும்னு தொர சொன்னாரு ஐயா" என்றான்.

டீமேக்கருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு தட்டைக் காட்டினார். அவன் உட்கார்ந்தான். இடது கையைச் சட்டைப் பைக்குள் விட்டான். அதை நான்தான் பழக்கினேன். கட்டைவிரலும் மோதிர விரலும் தட்டுக்குள் போய் வந்தன. ஒரு காம்பு, இன்னொரு காம்பு. ஒன்றுகூட விழவில்லை. வயர் கொடுத்துக்கொண்டிருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். நடுவில் ஒரு அக்கா, "எதுக்கு ஐயா அந்தப் பிள்ளையப் போட்டு..." என்று ஆரம்பித்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அவன் நிமிரவில்லை. தட்டு சுத்தமான பிறகு அதைத் தள்ளி வைத்தான்.

"வேற தட்டு இருக்கா ஐயா?" என்று கேட்டான்.

டீமேக்கர் அவன் தோளில் கையை வைத்தார். அவ்வளவுதான்.

திரும்பி வரும் வழியில் லொறியைத் தள்ளிய வளைவில் சக்கரத் தடம் அப்படியே இருந்தது, மழைத்தண்ணீர் நிறைந்து. எதையாவது சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு வாய் துடித்தது. எந்த இழவு வீட்டிலும் ஏதாவது சொல்லி யாரையாவது சிரிக்க வைத்துவிடுகிற ஆள் நான். அன்றைக்கு நடந்தேன், அவ்வளவுதான்.

காம்பிராவைப் பற்றி அப்புறம் யாரும் சண்டை போடவில்லை. தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் வந்து இஸ்தோப்பில் நின்று, பொங்கலுக்குள் காலி செய்யணும் என்று மெதுவாகச் சொன்னார். அத்தை அவருக்குத் தேநீர் கொடுத்தார். தெரிந்தவர்கள் அவனுக்குக் கொழும்பில் புறக்கோட்டைப் பக்கம் ஒரு மொத்தக் கடையில் வேலை பார்த்துக் கொடுத்தார்கள். மாடியிலேயே படுக்கை. அம்மாவைக் கூட்டிப்போக முடியாது.

அத்தை கொட்டகலைக்கு, அவன் கொழும்புக்கு, இரண்டு பேரும் ஒரே ரயிலில்தான் போனார்கள். நானுஓயாவில் ஏற்றிவிட நான் போனேன். சட்டி பானை, பாய், சாமிப் படம், சுளகு. கப்பலை அவன் எடுக்கவில்லை.

"ட்ரெயின்ல நசுங்கிரும். நீ வச்சுக்க. இன்னொரு பக்கத்துக் கயித்தக் கட்டி முடி."

"எனக்கு வராதுடா."

"பத்து வெரல் இருக்குல்ல."

அத்தை என் கன்னத்தைத் தடவினார். ரயில் போன பிறகு நான் பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவரிடம் மணி கேட்டேன், கையில் போன் இருக்கும்போதே. கொட்டகலையில் அத்தை இறங்கி, சாமான் முழுக்க இறக்குவதற்குள் ரயில் நகர்ந்துவிட்டதாம். அவன் ஜன்னல் வழியாகச் சுளகை எறிந்தானாம். அது தண்டவாளத்துக்குப் பக்கத்தில் விழுந்து, அதை எடுக்கப் போன நேரத்தில் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று அத்தை போனில் சொன்னார். இப்போது எங்கே படுக்கிறார் என்று கேட்டேன். "அடுப்படியில, சூடா இருக்கு" என்றார்.

பக்கத்துக் காம்பிராவுக்குப் புதுக் குடும்பம் வந்தது. நல்ல மனிதர்கள். அவர்கள் விறகு இப்போது அந்தப் பரணில் காய்கிறது. முதல் நாள் அந்தப் பக்கம் யாரோ தும்மினார்கள். பழக்கத்தில் நான் "ஆயிசு நூறு" சொல்லிவிட்டேன். அங்கேயிருந்து ஒரு பொம்பளைக் குரல், "யாரு அது?" என்றது.

நான் வலது பக்கக் கயிற்றைக் கட்டினேன். மாசி முழுக்கக் கட்டினேன். முடிச்சுப் போட்டால் தளரும், இழுத்தால் நூல் அறும், ஒருமுறை பாய்மரமே சாய்ந்தது. இடது கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு, கட்டைவிரலையும் மோதிர விரலையும் வைத்துக்கூடப் பார்த்தேன். அதுவும் வரவில்லை. எப்படியோ கட்டி முடித்தேன். இடது பக்கம் வீணை, வலது பக்கம் துணி காயப்போடுகிற கொடி. பாயை மாட்டியபோது கப்பல் கொஞ்சம் ஒருபக்கம் சரிந்தே நின்றது.

அவன் அடிக்கடி பேசுவதில்லை. கடை மாடியிலிருந்து துறைமுகம் தெரிகிறது என்று ஒருதரம் சொன்னான். "பெரிய பெரிய கப்பலு. பாயெல்லாம் இல்ல, பொட்டிதான் அடுக்கியிருக்கு" என்றான். கடல் கிட்டத்தில்தானாம், இன்னும் போய்ப் பார்க்க நேரம் வரவில்லையாம். கையைப் பற்றிக் கேட்டேன். மூட்டை தூக்குவதற்கு விரல் கணக்குப் பார்க்க மாட்டார்கள் என்றான்.

போன ஞாயிற்றுக்கிழமை மழை கொஞ்சம் விட்டிருந்தது. கப்பலை எங்கள் இஸ்தோப்பில் வைத்து, பின்னால் தேயிலை மலை தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்தேன். வலது பக்கம் தெரியாதபடி திருப்பி வைத்துத்தான் எடுத்தேன். போனில் அவனுக்கு அனுப்பி, கீழே எழுதினேன்: "எட்டு, கப்பல் ரெடி. டிக்கட் இல்ல. ஏறிக்கிட்டு ஊருக்கு வா."

பார்த்துவிட்டான் என்று போன் காட்டியது. நான் கப்பலைத் துடைத்து, பையைப் போட்டு மூடி, மேல்தட்டில் வைத்து, சோறு சாப்பிட்டு முடித்தேன். அப்புறம்தான் பதில் வந்தது.

"ஏறிக்கிறேன் ஒட்டு, எங்க வந்து எறங்குறது?"